மலையில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையில் ஓர் இரவு தங்கித் திரும்புவதற்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறேன். அநேகமாக எல்லாக் கடிதங்களும் ஏறும்போது என்ன தேவைப்படும் என்றே கேட்கின்றன. ஏறும்போது உடல் தானாகச் சூடாக இருக்கும், வெளிச்சமும் இருக்கும், ஒரு பொருளை மறந்திருந்தாலும் சமாளித்துவிடலாம். நடையை நிறுத்திய பிறகு விடியும்வரை உள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்காகத்தான் பை கட்ட வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதையொட்டியே அமைந்திருக்கின்றன.

கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஜனவரியில் மூணாறு அருகே உள்ள மீசைப்புலிமலைக்குப் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்க இருக்கிறோம். அறுபது லிட்டர் முதுகுப்பை இல்லாமல் போகவே முடியாது என்று ஒருவன் சொல்கிறான். அவ்வளவு பெரிய பை தேவையா? குளிர் எவ்வளவு இருக்கும்?
— வாசகர், தேனி

பை வாங்குவதற்கு முன்பு, தங்குமிடத்தில் எதையெல்லாம் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக முன்பதிவு செய்து செல்வோருக்குப் பொதுவாகக் கூடாரமும் உணவும் முகாமிலேயே கிடைத்துவிடும். உறங்குபை உண்டா, கீழே விரிக்க மெத்தை உண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்தையும் அடுப்பையும் சுமக்க வேண்டியதில்லை என்றால் முப்பத்தைந்து அல்லது நாற்பது லிட்டர் பை தாராளமாகப் போதும். அறுபது லிட்டர் பையில் உள்ள தொல்லை என்னவென்றால், இடம் இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் இரண்டாவது ஜீன்ஸும் ஒலிபெருக்கியும் சீட்டுக்கட்டும் அதற்குள் போய்விடும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது மலையேறுபவர்களிடையே பொதுவாக உள்ள கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது பன்னிரண்டு கிலோ ஆகிறது. அது உச்ச வரம்புதான். உங்கள் பயணத்துக்குத் தண்ணீரோடு சேர்த்து ஏழெட்டுக் கிலோவைத் தாண்ட வேண்டிய காரணமே இல்லை.

குளிரை ஓரளவு நீங்களே கணக்கிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். தேனி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தங்கும் இடம் 2,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினோரு டிகிரி குறைய வேண்டும். தேனியில் 18 டிகிரியாக உள்ள இரவில் அங்கே ஏழு டிகிரி இருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் மேகமில்லாத ஜனவரி இரவுகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிட, தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. மூணாறைச் சுற்றிய தேயிலைப் பள்ளங்களில் ஜனவரியில் வெப்பநிலை சுழியத்தைத் தொட்டு உறைபனி படிவது இதனால்தான். ஆகவே சுழியம் டிகிரிக்குத் தயாராகச் செல்லுங்கள். கூடாரம் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், பள்ளத்தின் அடியை விட்டுச் சற்று மேலே, காற்று நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள்.

வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறப் போகிறோம். பருத்தி ஆடைதானே நம் ஊருக்கு ஏற்றது? ஜீன்ஸ் அணியலாமா? மேலே குளிரும் என்பதால் ஏறும்போதே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பருத்தி சமவெளிக்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சி மெல்ல உலர்த்தி உடலைக் குளிர்விக்கும் அதன் குணம்தான் கோயம்புத்தூர் வெயிலில் நமக்கு இதமாக இருக்கிறது. வெள்ளியங்கிரியின் உச்சியான ஏழாவது மலையின் காற்றில் அதே குணம் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஒரு சட்டையில் நூறு மில்லி வியர்வை ஊறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஆவியாக ஏறத்தாழ 240 கிலோ ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் முழுவதையும் அறுபது கிலோ எடையுள்ள உடலிலிருந்தே எடுத்துக்கொண்டு, உடல் அதை ஈடுசெய்யாமல் இருந்தால், மொத்த உடலின் வெப்பநிலையும் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். உடல் அப்படி இறங்க விடாது. நடுங்கி நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும். ஏறும்போது உடம்பெல்லாம் கொதித்தவர்கள் உச்சியில் அமர்ந்த கால் மணி நேரத்தில் பல் கிட்டி நிற்பதன் காரணம் இதுதான்.

எனவே ஏறும்போது மெல்லிய பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை அணியுங்கள். விலை உயர்ந்தது வேண்டியதில்லை, வீட்டில் தம்பியின் கால்பந்துச் சட்டை இருந்தால் அதுவே போதும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், முழங்காலில் பிடிக்கும், காலைவரை உலராது. தளர்வான டிராக் பேன்ட் அல்லது சல்வார் நல்லது. ஸ்வெட்டரை ஏறும்போது போடவே கூடாது, அது பையில் உலர்ந்தபடி மேலே வர வேண்டும். அடிவாரத்தில் புறப்படும்போது சற்றே குளிர்வது போல் இருந்தால் உங்கள் உடை சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். வேட்டியோ புடவையோ அணிந்துதான் ஏறுவோம் என்ற வழக்கம் உள்ளவர்கள் அப்படியே ஏறலாம், ஆனால் மாற்றுத்துணி கட்டாயம் வேண்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. மேல்சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை ஆகியவற்றில் ஒரு முழுத் தொகுதியை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். நிற்கும் இடம் வரும்வரை அதைத் தொடவே கூடாது. வழியில் மழையில் நனைந்தாலும், நனைந்த உடையோடே நடந்துவிட்டு, தங்குமிடத்தில்தான் அதைப் பிரிக்க வேண்டும். உச்சியை அடைந்ததும் படம் எடுப்பதற்கு முன்பு ஈரச் சட்டையை மாற்றிவிடுங்கள். அதன் மேல் ஸ்வெட்டரும், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கியும், குரங்குக் குல்லாவும் போதும். குரங்குக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நூறு கிராம் எடையில் அவ்வளவு இதம் தரும் பொருள் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடைசியாக, உங்கள் குழுவில் இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் இருந்தால், உடையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அத்தகையோர் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்தி வருவது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. அந்த மலையில் ஏறும்போது உயிரிழந்தவர்கள் உண்டு.

உறங்குபை வாங்கப் போனால் ஒவ்வொன்றிலும் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? வீட்டில் நல்ல கம்பளி இருக்கிறது, அது போதாதா?
— வாசகர், திருநெல்வேலி

கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். குளிர் அதிகம் உணரும் ஒருவர் அந்த வெப்பநிலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அதன் பொருள். லிமிட் என்பது நன்றாகக் குளிர் தாங்குபவர் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் பிழைப்பதற்கானது. கடைக்காரர் பெருமையாக எடுத்துச் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கம்ஃபர்ட் ஐந்து டிகிரி உள்ள செயற்கை இழைப் பை ஏற்றது. வாத்து இறகுப் பை எடை குறைந்தது என்றாலும், ஈரம் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு, வெப்பம் காக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடும். மூடுபனியும் சாரலும் உள்ள மலையில் அது வீண் செலவு.

பையைவிட முக்கியமானது கீழே விரிப்பது. உடலின் எடையால் அடியிலுள்ள பஞ்சு நசுங்கிவிடுவதால், எவ்வளவு விலை உயர்ந்த பையானாலும் அடிப்பக்கம் வெப்பத்தைத் தடுக்காது, தரை உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். அரைக் கிலோகூட இராது. பவானி ஜமக்காளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலையை அது செய்யாது, சுமையும் அதிகம்.

கம்பளி வெப்பம் தரும், ஓரளவு நனைந்தாலும் தரும். ஆனால் நல்ல கம்பளி இரண்டு கிலோவுக்குக் குறையாது, பையில் பாதியை அடைத்துக்கொள்ளும், தூக்கத்தில் விலகிவிடும். வாகனம் போகும் இடத்தில் தங்குவதானால் கம்பளியையே கொண்டு போங்கள். தோளில் சுமந்து நடப்பதானால், முதல் பயணத்துக்கு உறங்குபையை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பிறகு வாங்கலாம். படுப்பதற்கு முன் ஏதாவது சாப்பிடுங்கள். வெந்நீர் கிடைத்தால் கசியாத எஃகுப் புட்டியில் ஊற்றித் துணியைச் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் எதை அடியில், எதை மேலே வைப்பது என்பதற்கு முறை உண்டா? சிறிது தூரம் நடந்ததுமே தோள் வலிக்கிறது.
— வாசகர், சென்னை

உண்டு. உறங்குபையும் இரவு உடையும் அடியில் போகட்டும், முகாம் வரும்வரை அவை தேவைப்படா. தண்ணீர், உணவு போன்ற கனமான பொருள்கள் நடுவில், முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே வரும்படி இருக்க வேண்டும். முதுகிலிருந்து விலகி வெளிப்பக்கம் போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நீங்கள் குனிந்து நடப்பீர்கள். மழையங்கியும் மேலங்கியும் மேலே. கைவிளக்கும் நொறுக்குத்தீனியும் பக்கப்பைகளில். வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், புதர் வழியில் எல்லாம் சிக்கும்.

தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் இடுப்புப் பட்டையைக் கட்டாமல் நடப்பது. முதலில் அதை இடுப்பெலும்பின் மேல் இறுகக் கட்டி, பிறகுதான் பையின் தோள்வார்களை இழுக்க வேண்டும். சுமையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கும், தோள்கள் பையைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும்.

மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே இன்னொரு நீர்புகாப் பை தேவை. பலர் தடித்த பிளாஸ்டிக் குப்பைப் பையைப் பயன்படுத்துகிறார்கள். வேலை நன்றாகவே நடக்கும், ஆனால் பல வன நுழைவாயில்களில் அதைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். நீர் புகாத பூச்சிட்ட, மடித்துப் பூட்டும் துணிப்பை ஒன்றை வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்கு வரும்.

மேலே போய் மேகியாவது சமைத்துச் சாப்பிடாவிட்டால் மலையில் தங்கியது போலவே இராதே! சிறிய எரிவாயு அடுப்பு எடுத்துச் செல்லலாமா?
— வாசகர், மதுரை

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதற்கு அனுமதி இல்லை, நீங்கள் எடுத்துச் செல்லும் அடுப்புக்கும் இது பொருந்தும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தில் மனிதனால் ஓட முடியாது. தவிர, எரிவாயுக் குடுவையை ரயிலிலும் விமானத்திலும் கொண்டு போகவே கூடாது. முகாமில் அனுமதியோடு கணப்பு மூட்டியிருந்தால், பாலியஸ்டர் உடையோடு அதன் அருகில் போகாதீர்கள். பொறி பட்டால் அந்தத் துணி உருகித் தோலில் ஒட்டும்.

சமைக்காமலே நன்றாகச் சாப்பிட நம் சமையலில் வழியா இல்லை? முதல் நாள் இரவுக்குப் புளியோதரை, மறுநாள் காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. தயிர்சாதம் மட்டும் வேண்டாம், மறுநாளைக்குப் புளித்துவிடும். நடக்கும்போது கடலைமிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலையும் வெல்லமும். நூறு கிராம் கடலைமிட்டாயில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது, நூறு கிராம் சோற்றில் 130தான். சுமக்கும் எடைக்கு எது லாபம் என்பது தெரிகிறதல்லவா? உணவைப் படுக்கும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் கரடியும் வாசனையைத் தேடி வரும். எங்கே வைப்பது என்று வனக் காவலரைக் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், வழியில் ஓடை எங்கே இருக்கிறது என்பதை முன்பே அறிந்துகொண்டு, இரண்டு லிட்டரோடு புறப்படுவது நல்லது. ஓடைநீரை வேட்டித்துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு, குறைந்தது அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கானது என்றால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் பயனைவிடத் தீமையே அதிகம்.

அகத்தியர்கூடத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பெண்களுக்குத் தனியாக என்ன எடுத்துச் செல்ல வேண்டும்? யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2019 முதல்தான் அங்கே பெண்கள் ஏறுகிறார்கள் என்பதால், அந்த மலையைப் பற்றிய பழைய அறிவுரைகள் எல்லாமே ஆண்கள் ஆண்களுக்குச் சொன்னவை. உச்சி 1,868 மீட்டர். போனக்காட்டிலிருந்து நடந்து அதிருமலை முகாமில் தங்குவீர்கள், கூரை உள்ள இடம் என்பதால் கூடாரம் வேண்டியதில்லை. அங்கே பிளாஸ்டிக்குக்குக் கடுமையான தடை உண்டு.

மாதவிலக்கு அந்த நாள்களில் வர வாய்ப்பில்லை என்று தோன்றினாலும் அதற்கானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், கடும் உழைப்பில் நாள் முன்னே பின்னே ஆகலாம். பயன்படுத்தியவற்றைக் காட்டில் புதைக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. செய்தித்தாளில் சுற்றி, மூடி இறுகும் தகர டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய்க் குப்பி பழகியவர்களுக்கு இந்தச் சுமையே இல்லை, ஆனால் முதல்முறையாக அதை மலையில் வைத்துப் பழகாதீர்கள். வழியில் ஒதுங்க நேர்ந்தால் ஓடையிலிருந்து குறைந்தது எழுபது காலடித் தூரம் விலகி, ஒரு சாண் ஆழத்துக்குச் சிறிய கரண்டியால் குழி தோண்டி மூடிவிடுங்கள். மறைப்பாகப் பிடிக்க ஒரு துப்பட்டா, கை கழுவச் சோப்புத்துண்டு, சிறுநீரை அடக்காமல் இருக்கப் போதிய தண்ணீர் ஆகியவையும் தேவை. ஒதுங்குவதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே நடக்கும் பெண்கள் பலர். தலைவலியும் சோர்வும் அதனால்தான் வருகின்றன.

அட்டைக்கு உப்பா, புகையிலையா?
— வாசகர், வால்பாறை

இரண்டையும்விட அட்டைக் காலுறை மேல். நெருக்கமாக நெய்த துணியில், முழங்கால்வரை வரும்படி, கால்சட்டைக்கு மேலே கட்டிக்கொள்வது அது. கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுங்கள். இரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் சற்று நேரம் கசியும், கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அறுபத்திரண்டு வயது அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலைக்குப் போக எண்ணியிருக்கிறோம். இரவு முழுக்க ஏற வேண்டி வரும் என்கிறார்கள். என்ன கொண்டு போவது?
— வாசகி, மட்டக்களப்பு

டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலான பருவத்தில் போவதாக இருந்தால், நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழியில் விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இருக்கும். அதனால் சாப்பாட்டையும் நிறையத் தண்ணீரையும் சுமக்க வேண்டாம். உச்சி 2,243 மீட்டர், அங்கே விடியலுக்கு முன் காற்று கடுமையாக வீசும். எல்லோருக்கும் தடித்த மேலங்கி, காதை மூடும் குல்லா, மாற்றுச் சட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு நீங்களோ கணவரோ சுமந்துகொள்ளுங்கள். அம்மாவிடம் ஊன்றுகோலைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். மகனுக்கும் தனியாக ஒரு தலைவிளக்கு கொடுங்கள், இருட்டில் பிள்ளைகளுக்குக் களைப்பைவிடப் பயம்தான் முதலில் வரும்.

உச்சிக்கு மிகவும் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான் பலர் செய்யும் பிழை. மூன்று மணிக்கே ஏறிவிட்டு, வியர்த்த உடம்போடு மூன்று மணி நேரம் காற்றில் நிற்பதைவிட, கடைசிக் கடைகளில் ஒன்றில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டுச் சூரியோதயத்துக்கு அரை மணி முன்னதாக மேலே போகலாம். இறங்கும்போது படிகள் முழங்காலைச் சோதிக்கும், அம்மாவுக்கு முழங்கால் உறை இருந்தால் அதை இறக்கத்துக்கு எடுத்து வையுங்கள்.

பயணத்துக்கென்றே புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறேன். சரிதானே?
— வாசகர், திருச்சி

இன்றிலிருந்தே அதை அணிந்து மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் குதிகாலைக் கடிக்காமல் இருந்தால் கொண்டு போகலாம், இல்லையென்றால் பழையதே மேல். இறக்கத்தில் விரல்கள் முன்பக்கம் இடிக்காதபடி ஒரு விரல் இடைவெளி வேண்டும். புறப்படும் முன் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். முகாமில் போட ஒரு ரப்பர் செருப்பு எடுத்துக்கொண்டால் ஈரச் சப்பாத்து இரவில் ஓரளவாவது உலரும்.

என் மகன் கைப்பேசி இருந்தால் எல்லாம் இருக்கிறது என்கிறான். விளக்கு, வரைபடம், திசைகாட்டி எல்லாம் அதிலேயே இருக்கிறதாமே?
— வாசகர், சேலம்

இருக்கிறது, மின்கலம் உள்ளவரை. குளிரில் மின்கலம் வேகமாகச் சோரும், சமிக்ஞை கிடைக்காத மலையில் கோபுரத்தைத் தேடித் தேடி இன்னும் வேகமாகச் சோரும். விமானப் பயன்முறையில் வைத்து, இரவில் உறங்குபைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளட்டும். விளக்குக்குக் கைப்பேசி கூடவே கூடாது. வழுக்கும் பாறையில் ஏறுபவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். தலைவிளக்கும் அதற்கு மாற்று மின்கலமும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும், அதை மாலை ஐந்து மணிக்கே பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.

அதோடு ஒரு ஊதலைப் பையின் தோள்பட்டையில் கட்டிவிடுங்கள். வழி தவறியவர் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊத வேண்டும் என்பது மலையேறுபவர்களிடையே பல நாடுகளில் உள்ள வழக்கம். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். பதில் கேட்டுவிட்டது என்று ஊதுவதை நிறுத்திவிடக் கூடாது, தேடி வருபவர் கண்ணில் படும்வரை தொடர வேண்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.